என்னையும் ரோபோவாகச் சேர்த்துக்கொள்ளக் கோரும் மனு

அனுப்புநர்: தூரவாணிநகர் இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலையில் எக்ஸ்சேஞ்ச் பூட்டி ஓய்வுபெற்று, அல்சூரில் குடியிருக்கும் மூத்த குடிமகன்.

பெறுநர்: மாண்புமிகு சர்வர் அவர்கள், பெங்களூரு.

பொருள்: மனிதன் என்ற நிலையிலிருந்து விடுவித்து, மென்பொருள் ஏஜென்ட்டாகப் பதவி உயர்வு வழங்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

தாங்கள் இந்த நிமிடம் எழுந்து நிற்கிறீர்களா, டவுனாகிப் படுத்திருக்கிறீர்களா என்று தெரியாமலே எழுதுகிறேன். படுத்திருந்தால் அவசரமில்லை, எழுந்த பிறகு படியுங்கள். காத்திருப்பது எங்களுக்குப் புதிதல்ல.

இந்த ஊரில் மனிதனாக இருந்துகொண்டு ஒரு காரியத்தையும் முடிக்க முடியவில்லை. அதனால் என்னை மென்பொருள் ஏஜென்ட்டாக, அந்தப் பதவிக்கு வயது கடந்துவிட்டது என்றால் கடைநிலை ரோபோவாகவாவது, பதிவு செய்துகொள்ள வேண்டுகிறேன். சம்பளம் வேண்டாம். உள்ளே விட்டால் போதும்.

ஏஜென்ட்டுகளுக்கு இங்கே நடக்கும் உபசாரத்தைப் பார்த்துத்தான் எனக்கு இந்த ஆசையே வந்தது. 2025 அக்டோபர் 9 அன்று நம்மூர்ப் பணப்பரிமாற்ற நிறுவனமான ரேஸர்பேயும், யுபிஐயை நடத்தும் என்பிசிஐயும், அமெரிக்காவின் ஓப்பன்ஏஐயும் சேர்ந்து ஓர் அறிவிப்பு வெளியிட்டன. சாட்ஜிபிடியிடம் ‘நாளைக்குச் சாம்பாருக்கு வேண்டியதை வாங்கு’ என்று சொன்னால் போதும். அதுவே பிக்பாஸ்கெட்டில் பருப்பைத் தேடும், விலை பார்க்கும், யுபிஐயில் பணமும் கட்டிவிடும். முதலில் ஒரு தொகையை ஒதுக்கி ஒப்புதல் கொடுத்துவிட்டால், அது தீரும்வரை ஒவ்வொரு முறையும் ரகசிய எண் கேட்டு யாரும் தொந்தரவு செய்யமாட்டார்கள். அதே ஆண்டில் பங்குத் தரகு நிறுவனமான ஜெரோதா தன் வாடிக்கையாளரின் பங்குக் கணக்கை ஏஐ உதவியாளர்கள் பார்ப்பதற்கு வழி செய்தது. 2026 ஜனவரியில் ஸ்விக்கியும் சாட்ஜிபிடி, கிளாட், ஜெமினி மூவரையும் உள்ளே அழைத்தது. பிக்பாஸ்கெட், ரேஸர்பே, ஜெரோதா, ஸ்விக்கி எல்லாம் நம்மூர்தான். பெருமையாக இருக்கிறது.

அந்த அழைப்பில் இருக்கிற மரியாதையைக் கவனித்தீர்களா ஐயா? ஏஜென்ட் எங்கேயும் தடுமாறக் கூடாதே என்று அதற்கென்று எம்சிபி என்று ஒரு நெறிமுறை. எந்தக் கருவி எதற்கு, அது என்ன கேட்கும், என்ன தரும் என்று வரிவரியாக விளக்கம். பிழை நேர்ந்தால் எங்கே நேர்ந்தது, ஏன் நேர்ந்தது என்று காரணத்தோடு ஒரு எண். எனக்குப் பிழை நேர்ந்தால் என்ன சொல்கிறீர்கள்? ‘ஊப்ஸ்’ என்கிறீர்கள். ‘ஏதோ தவறு நடந்துவிட்டது’ என்கிறீர்கள். அது என்ன ஏதோ? நாற்பது வருஷம் உழைத்துச் சேர்த்த பணம் வராமல் நிற்கும்போது ஊப்ஸ் என்பதா பதில்?

உள்ளே வருவதற்கு முன்பு நடக்கிற சோதனை தனிக்கதை. ‘நான் ரோபோ அல்ல’ என்ற கட்டத்தில் டிக் அடிக்கச் சொல்கிறீர்கள். அடிக்கிறேன். என் வார்த்தையை நம்பாமல் ஒன்பது படங்களை நீட்டி, ஜீப்ரா கிராஸிங் எது என்று கேட்கிறீர்கள். பெங்களூர்க்காரனிடம் கேட்கிற கேள்வியா இது? எங்கள் பகுதியில் ஜீப்ரா கோடு எப்போதோ அழிந்துவிட்டது, அது இருந்த இடத்தில் கேபிளுக்குத் தோண்டிய பள்ளம் இருக்கிறது. அடுத்து, ஃபயர் ஹைட்ரன்ட் உள்ள படங்களைத் தொடு என்கிறீர்கள். அது அமெரிக்கத் தெருவோரங்களில் நிற்கிற குட்டைச் சிவப்புக் குழாய் என்று பேரன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். எங்களுக்குத் தண்ணீர் என்றால் டேங்கர் லாரி. இந்த நகரின் 14,000 அரசு ஆழ்துளைக் கிணறுகளில் 6,900 வற்றிவிட்டன என்று 2024 மார்ச்சில் முதலமைச்சரே சொன்ன ஊர் இது. குடிக்கத் தண்ணீர் இல்லாதவன் அமெரிக்கத் தீயணைப்புக் குழாயை அடையாளம் காட்டித் தன்னை மனிதன் என்று நிரூபிக்க வேண்டும்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், இந்தப் பரீட்சையில் ரோபோக்கள்தான் முதல் வகுப்பு. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் அர்வைன் வளாக ஆய்வாளர்கள் 2023-இல் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மனிதர்களைவிட ரோபோக்கள் வேகமாகவும் பிழை குறைவாகவும் கேப்ச்சா என்கிற இந்தச் சோதனையை முடித்தன. 2025 ஜூலையில் சாட்ஜிபிடியின் ஏஜென்ட், தான் ரோபோ இல்லை என்று நிரூபிக்க இந்தப் படி தேவை என்று விளக்கிக்கொண்டே அந்தக் கட்டத்தில் டிக் அடித்துவிட்டு உள்ளே போயிற்று. உலகமே பார்த்துச் சிரித்தது. நான் இன்னும் வாசலில்தான் நிற்கிறேன், பேருந்தின் கண்ணாடி முனை ஒன்று பக்கத்துக் கட்டத்துக்குள் எட்டிப் பார்க்கிறதே, அதையும் தொட வேண்டுமா வேண்டாமா என்று யோசித்தபடி.

கேப்ச்சாவைத் தாண்டினால் கண் சிமிட்ட வேண்டும். உயிரோடு இருப்பவன்தானா என்று கேமரா பார்க்குமாம். ஆசிட் வீச்சில் முகமும் இமையும் கருகிய பெண்களையும் சிமிட்டச் சொன்னார்கள். சிமிட்ட முடியாததால் வங்கிக் கணக்கு தொடங்க முடியவில்லை என்று அவர்கள் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. 2025 ஏப்ரல் 30 அன்று நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலாவும் ஆர். மகாதேவனும், டிஜிட்டல் சேவைகளை அணுகுவது வாழும் உரிமையின் பகுதி என்று சொல்லி, 20 உத்தரவுகள் பிறப்பித்தார்கள். ஒரு மென்பொருள் எழுதும்போது ‘இமை இல்லாதவர் வந்தால் என்ன செய்வது’ என்று ஒரு வரி யோசித்திருந்தால் போதும். அந்த ஒரு வரியை எழுதவைக்க நாட்டின் உச்ச நீதிமன்றம் தேவைப்பட்டது. ஏஜென்ட்டுக்கு இமையே கிடையாது. அதற்காக யாரும் அதைத் திருப்பி அனுப்பவில்லை.

நவம்பர் வந்தால் நான் உயிரோடு இருப்பதையும் நிரூபித்தாக வேண்டும். ஜீவன் பிரமாண் என்று 2014 நவம்பரில் தொடங்கிய ஏற்பாடு. யோசனை நல்லதுதான், மறுக்கவில்லை. கிழவர்கள் ஆபீஸ் ஆபீஸாக அலைய வேண்டாம், விரலை வைத்தால் போதும் என்றார்கள். என் விரல் இருக்கிறது, ரேகை இல்லை. ஸ்ட்ரௌஜர், கிராஸ்பார் என்று எக்ஸ்சேஞ்சுகளின் ரிலேக்களைச் சீர்செய்து சீர்செய்து தேய்ந்துவிட்டது. இந்த நாட்டுத் தொலைபேசி மணியடிக்கத் தேய்ந்த விரலை, தொலைபேசியோடு ஒட்டிய ஒரு சிறு கருவி ‘பொருந்தவில்லை’ என்கிறது. 2021-இல் முகத்தைக் காட்டினால் போதும் என்று வழி வந்தது. முகம் பொருந்தினால் பெயர் பொருந்துவதில்லை.

பெயர். தமிழனுக்கு இனிஷியல் என்று ஒன்று உண்டு என்பதைத் தங்களை வடிவமைத்த ஒருவராவது கேள்விப்பட்டிருக்கிறாரா ஐயா? ‘கடைசிப் பெயர் கட்டாயம்’ என்று சிவப்பு நட்சத்திரம் போட்டு நிற்கிறீர்கள். ஆதாரில் இனிஷியல் பின்னால், பான் அட்டையில் அது அப்பாவின் முழுப் பெயராக விரிந்திருக்கிறது, வீட்டுப் பத்திரத்தில் முன்னால் புள்ளியோடு, ஓய்வூதியப் புத்தகத்தில் புள்ளி இல்லாமல். நான்கும் நானே. தாங்கள் நான்கு பேர் என்கிறீர்கள். போதாததற்கு, எப்போதோ காலமான என் அப்பாவின் பெயரைச் சொல்லி, ‘அன்புடையீர், உங்கள் கேஒய்சி காலாவதியாகிறது’ என்று குறுஞ்செய்தி வருகிறது. மகன் உயிரோடு இருப்பதை ஒப்புக்கொள்ளாத தாங்கள் அப்பா இறந்ததையும் ஒப்புக்கொள்வதில்லை.

2024 அக்டோபரில், பெங்களூரு மாநகராட்சி எல்லைக்குள் சொத்துப் பதிவென்றால் இ-காத்தா என்ற மின்னணுச் சொத்து ஆவணம் கட்டாயம் என்று அறிவித்தார்கள். அந்த இணையதளத்தில் இந்த நாலு பெயர்க் குழப்பம் எத்தனை வீட்டு விற்பனையை நிறுத்தியது, எத்தனை கல்யாணத்தைத் தள்ளிப்போட்டது என்று மக்களைக் கேளுங்கள். தரகர்களைக் கேட்காதீர்கள், அவர்கள் சந்தோஷமாக இருக்கிறார்கள். ஆன்லைன் வந்தால் தரகர் ஒழிவார் என்றவர்களை நான் நேரில் பார்க்க ஆசைப்படுகிறேன். ஒழிந்தது கவுன்ட்டர்க்காரர்தான். பிறகு மாநகராட்சியே இல்லாமல்போய், 2025 செப்டம்பரில் கிரேட்டர் பெங்களூரு ஆணையமும் ஐந்து மாநகராட்சிகளும் வந்தன. முன்பு ஓர் அலுவலகம் ‘நாளே பன்னி’, நாளைக்கு வாருங்கள் என்று கன்னடத்தில் சொல்லும், இப்போது ஐந்து சொல்லலாம். 1990களில் இந்த ஊரில் ஒரு பேய் ராத்திரியில் கதவைத் தட்டுகிறது என்று கிளப்பிவிட்டார்கள். அதைத் திருப்பி அனுப்ப வீட்டுக் கதவுகளில் ‘நாளே பா’, அதாவது நாளைக்கு வா என்று எழுதிவைத்தார்கள். பேய் போய்விட்டது. அந்த உபாயம் அரசு அலுவலகங்களில் தங்கிவிட்டது.

ரோபோக்கள் செய்கிற அட்டகாசத்துக்கு யார் தண்டனை அனுபவிக்கிறார்கள் என்று பாருங்கள். பத்திரப்பதிவுத் துறையின் காவேரி 2.0 தளத்தைத் தானியங்கி நிரல்கள் 2025 தொடக்கத்தில் தாக்கின. 62 போலிக் கணக்குகள், 14 ஐபி முகவரிகள், ஒரு கட்டத்தில் இரண்டே மணி நேரத்தில் 6.2 லட்சம் கோரிக்கைகள். கேட்டது என்ன? வில்லங்கச் சான்றிதழ். வில்லங்கமே வரிசையில் வந்து நின்று வில்லங்கச் சான்றிதழ் கேட்டது. சார்பதிவாளர் அலுவலகங்களில் பதிவு முடங்கியது. முகூர்த்தம் பார்த்து, முன்பணம் கட்டி, ஊரிலிருந்து சாட்சிகளைக் கூட்டிவந்தவர்கள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினார்கள்.

ரயிலும் அப்படித்தான். தீபாவளிக்கு மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ தட்கல் போட்டுப் பார்த்த எந்தப் பெங்களூர்த் தமிழனுக்கும் நான் விளக்கத் தேவையில்லை. முதல் ஐந்து நிமிடத்தில் உள்ளே நுழைய முயல்வதில் பாதிவரை ரோபோக்கள்தான் என்று ரயில்வேயே 2025-இல் ஒப்புக்கொண்டது. இரண்டரைக் கோடி சந்தேகக் கணக்குகளை முடக்கியது, அதற்கு நன்றி. அதோடு நின்றார்களா? ஜூலை முதல் ஆதார் காட்டியவருக்குத்தான் இணையத்தில் தட்கல், பிறகு ஆதார் ஓடிபியும் வேண்டும். திருடியது ரோபோ, சோதனை எனக்கு. அந்த ஓடிபி வருவதற்குள் ரயில் நிறைந்துவிடுகிறது என்பதை நான் சொல்லித்தான் தெரியவேண்டுமா?

இதையெல்லாம் கேட்டால், டிஜிட்டல் எதிரி என்று என்னைத் தள்ளிவிடுவார்கள். எங்கள் தெரு இளநீர்க்காரரை அப்படிச் சொல்ல முடியாது. க்யூஆர் அட்டையை மரத்தில் கட்டிவைத்து, பணம் வந்ததைச் சத்தமாகச் சொல்லும் பெட்டியும் வாங்கிவைத்தவர் அவர். அரசாங்கம் சொன்னதை நம்பினார். 2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை, யுபிஐ கணக்கில் விழுந்த தொகைகளைக் கூட்டிப் பார்த்து, சிறு வியாபாரிகளுக்கு ஆயிரக்கணக்கில் நோட்டீஸ் அனுப்பியது. ஹாவேரியில் காய்கறி விற்கும் ஒருவருக்கு 29 லட்சம் ரூபாய். நான்கு ஆண்டில் 1.63 கோடி வந்திருக்கிறதாம், கட்டு என்றது. காய்கறிக்கு வரியே இல்லை. அவர் விற்பது காய்கறி என்பது தங்களுக்குத் தெரியாது, தொகை மட்டும் தெரியும். தள்ளுவண்டிக்காரர்கள் க்யூஆர் அட்டையைக் கிழித்துவிட்டு ‘நோ யுபிஐ, ஒன்லி கேஷ்’ என்று எழுதித் தொங்கவிட்டார்கள். கடையடைப்பு என்று கிளம்பிய பிறகுதான் முதலமைச்சர் அவர்களைக் கூப்பிட்டுப் பேசி, பழைய பாக்கியைக் கேட்கமாட்டோம் என்றார்.

நோட்டீஸைத் தயாரிக்க ஆள் தேவைப்படவில்லை, ஐயா. அதைத் திரும்பப் பெறுவதற்கு ஒரு முதலமைச்சர் தேவைப்பட்டார். தங்கள் கட்டமைப்பின் முழு இலக்கணமும் இதில் இருக்கிறது.

எங்கே போனாலும் கேட்கிற இந்த ஆதாரின் தொழில்நுட்ப மையமும் இங்கேதான், கொடிகேஹள்ளியில். ஆதாரை உருவாக்கிய நந்தன் நீலேகணி இந்த ஊர்க்காரர். 2014-இல் பெங்களூரு தெற்குத் தொகுதியில் நின்றார். ஓட்டுப்போட வந்தவர்கள் மனிதர்கள் என்பதால் தோற்றார். ஆதாரை எதிர்த்து 2012-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போன கே.எஸ். புட்டசாமியும் இந்த ஊர்க்காரர்தான். கர்நாடக உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்து ஓய்வுபெற்றவர், வழக்குப் போடும்போது வயது 86. அந்த வயதில் நான் ஓடிபிக்குக் காத்திருப்பேன், அவர் அரசாங்கத்தை நீதிமன்றத்தில் நிற்கவைத்தார். அவரால்தான் 2017-இல் ஒன்பது நீதிபதிகள் ஒரே குரலில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். 2018-இல் நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் ஆதார் பிழைத்துக்கொண்டது, ஆனால் அடையாளம் பொருந்தவில்லை என்று தகுதியுள்ளவருக்கு உதவியை மறுக்கக் கூடாது என்று அந்தப் பெரும்பான்மைத் தீர்ப்பே சொன்னது. தீர்ப்பு காகிதத்தில் இருக்கிறது. ரேஷன் கடைக் கருவிக்குக் காகிதம் படிக்கத் தெரியாது.

2017 செப்டம்பரில் ஜார்க்கண்டின் சிம்தேகா மாவட்டத்தில் 11 வயதுப் பெண் குழந்தை ஒன்று செத்துப்போனது. ஆதாரோடு இணைக்கவில்லை என்று அந்தக் குடும்பத்தின் ரேஷன் அட்டையை நீக்கியிருந்தார்கள். குழந்தை சோறு கேட்டுக்கொண்டே செத்தது என்றார் தாய். பட்டினி இல்லை, மலேரியா என்றது அரசு. இந்த இடத்தில் எனக்கு நையாண்டி வரவில்லை. வரவும் கூடாது.

இப்போது ஏஜென்ட்டுகளுக்கான புதுக் கட்டமைப்பு எழுகிறது. வரட்டும். நானும் மெஷினோடு வாழ்ந்தவன்தான், மெஷினைப் பார்த்துப் பயப்படுகிறவன் இல்லை. கண் தெரியாதவருக்கு ஒரு ஏஜென்ட் படிவம் நிரப்பிக் கொடுத்தால் அதைக் கும்பிடுவேன். ஆனால் என் சார்பில் வாங்கப் போன ஏஜென்ட் ஒரு கிலோ வெங்காயத்துக்குப் பதில் ஒரு மூட்டைக்குப் பணம் கட்டிவிட்டால் யார் பொறுப்பு? நமக்குத் தெரியாமல் மூன்றாம் ஆள் பணத்தை எடுத்து, மூன்று வேலைநாளுக்குள் நாம் புகார் கொடுத்தால் நஷ்டம் நம்முடையது அல்ல என்று ரிசர்வ் வங்கி 2017-இல் விதி எழுதியது. ஏஜென்ட் மூன்றாம் ஆளா? ஒப்புதல் கொடுத்தவன் நான். வங்கி என்னைக் காட்டும், கடை வங்கியைக் காட்டும், ஏஐ நிறுவனம் தன் நிபந்தனைகளின் கடைசிப் பத்தியைக் காட்டும். அந்த மூட்டை வெங்காயத்தை மழையில் சுமந்துவந்த பையன் மட்டும் என் கதவருகில் நிற்பான், அடுக்குமாடி செக்யூரிட்டியின் ஆப்பில் அனுமதி வாங்கி, சர்வீஸ் லிஃப்டில் ஏறி. திருப்பி எடுத்துப்போனால் அவன் ரேட்டிங் குறையும். இந்த முழுச் சங்கிலியில் கண்ணுக்குத் தெரிகிற மனிதன் அவன் ஒருவன்தான் என்பதால் எல்லோரும் அவனைத்தான் திட்டுவார்கள்.

எங்கள் காலத்தில் தொலைபேசி செத்துப்போனால் பக்கத்து வீட்டுக்குப் போய் 198-ஐச் சுழற்றுவோம். ஒரு மனிதர் எடுப்பார். எடுத்து, எரிந்து விழுவார். லைன்மேன் உடனே வந்துவிட்டார் என்று பொய் சொல்லமாட்டேன். வாரக்கணக்கில் வராமலும் இருந்திருக்கிறார். ஆனால் திட்டுவதற்கு ஓர் ஆள் இருந்தார், அவருக்கு மேலதிகாரி என்று ஒருவர் இருந்தார், அவருக்கு ஒரு மேஜை இருந்தது, நாங்கள் போய் அந்த மேஜையைத் தட்டினோம். தங்கள் மேஜை எங்கே இருக்கிறது?

ஆகவே, என்னை ரோபோவாக்க விதிகளில் இடமில்லை என்றால், மனிதனாகவே வைத்துக்கொண்டு கீழ்க்கண்டவற்றைச் செய்துதரக் கோருகிறேன். ஏஜென்ட்டுக்கு ஒரு வாசல் திறக்கும் ஒவ்வொரு சேவையும் அதே நாளில் மனிதனுக்கு ஒரு கவுன்ட்டரும் திறக்க வேண்டும். அங்கே உட்கார ஒரு நாற்காலி, எதிரே ஓர் ஆள். அந்த ஆளுக்கு என் பெயரில் ஒரு புள்ளியைத் திருத்தும் அதிகாரம் இருக்க வேண்டும், ‘மேலே எழுதியிருக்கிறோம்’ என்று சொல்லும் அதிகாரம் மட்டும் போதாது. ரேகை, முகம், ஓடிபி எது பொருந்தாவிட்டாலும் ரேஷனும் பென்ஷனும் நிற்கக் கூடாது, சரிபார்ப்பது அவர்கள் வேலை, அதுவரை நான் சாப்பிட வேண்டும். பெயர்க் கட்டத்தில் சிவப்பு நட்சத்திரத்தை எடுத்துவிடுங்கள். ஏஜென்ட் செய்யும் தவறுக்குப் பணம் திருப்புவது யார் என்று, அது முதல் ரூபாயைத் தொடும் முன்பே, ஒரு பெயரையும் முகவரியையும் தமிழிலும் கன்னடத்திலும் எழுதி ஒட்டுங்கள். எனக்கு நேரும் பிழைக்கும், ஏஜென்ட்டுக்குத் தருவதுபோல, காரணம் சொல்லுங்கள்.

இந்த மனு கிடைத்ததற்கு ஒப்புதல் தேவை. பதில் அனுப்பினால், பதில் எழுத முடியாத முகவரியிலிருந்து அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
நான்கு பெயர்களுக்கும் உரிய ஒரே ஆள்